பரணும் ஏரியும் – கடிதம்

அன்புள்ள சார்,

கட்டடக்கலைப் படிப்பை முடிக்கப் போகிறேன். புதிதாகக் கட்டுவதைவிடப் பழைய வீடுகளும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களும்தான் என்னை இழுக்கின்றன. அவற்றின் வரலாற்றை ஆராய்வதையே தொழிலாக்கிக்கொள்ள முடியுமா? வீட்டில் ‘அதெல்லாம் பொழுதுபோக்கு’ என்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

முடியும். ஆனால் ‘வரலாற்றாளர்’ என்ற பெயரிலேயே வேலை அமைவது அபூர்வம். அருங்காட்சியகமாகிவிட்ட வீடுகள், பழங்கட்டடப் பாதுகாப்புத் துறைகள், பழுதுபார்ப்புக்கு முன் எழுதித்தரும் அறிக்கைகள், கொஞ்சம் வகுப்பு, எல்லாம் சேர்ந்துதான் பிழைப்பு.

பொழுதுபோக்கா என்றால், பரணில் தவழ்ந்துவிட்டு வந்து சொல்லட்டும். ஆரம்ப காலத்தில் ஜன்னல்களின் பாணியை மட்டும் பார்த்து ஒரு வீட்டின் வயதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் கூரை வேலைக்கு வந்த தச்சர் என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார்: உத்தரங்களில் அந்தக் காலத்துத் தச்சர்கள் செதுக்கிய எண்கள் வரிசை கலையாமல் இருந்தன, அதாவது வேறெங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட மரமில்லை. மரவளையங்களைக் காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் கூரை முகப்பைவிட நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. கையில் காசு வந்த ஏதோ ஒரு தலைமுறை முன்பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறது, நான் அதில் ஏமாந்தேன்.

தோட்டம் இன்னும் மோசம், அது வளரும், சாகும். பழந்தோட்டங்களைப் பாதுகாப்பதற்காக 1982-ல் ஏற்கப்பட்ட சர்வதேச ஃபுளோரன்ஸ் சாசனமே வரலாற்றுத் தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்கிறது. இங்கிலாந்தில் பிளென்ஹைம் அரண்மனைக்குக் கட்டடக்கலைஞர் வான்பரோ எழுப்பிய பாலத்தின் கீழ்ப்பகுதி, 1760-களில் தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் ஆற்றைத் தேக்கி ஏரியாக்கியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. இன்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒருவரே யோசித்துச் செய்ததுபோல் இருக்கும்.

ஓவியங்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிரவுனுக்குப் பின் வந்த ஹம்ஃப்ரி ரெப்டன் தன் யோசனைகளைச் சிவப்பு அட்டைப் புத்தகங்களில் வரைந்து தருவார். படத்தின் மேலுள்ள மடிப்பைத் தூக்கினால் மாறிய தோட்டம் தெரியும். அபாரமான வேலை, ஆனால் அது வியாபாரமும்கூட. அவற்றில் பல நிறைவேறவே இல்லை. கன்று வாங்கியதற்கும் மண் வெட்டியதற்கும் கூலி கொடுத்த கணக்கு கிடைக்கும்வரை நான் எதையும் ‘செய்யப்பட்டது’ என்று எழுதுவதில்லை.

அளந்து வரையத் தெரிந்த வரலாற்றாளர்கள் குறைவு, அதனால் உங்கள் படிப்பு வீணாகாது. பழைய கையெழுத்துகளை வாசிக்கப் பழகுங்கள். முதல் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.