வலு இல்லாமலா செத்தார்கள்?

கேள்வி: சயாம் மரண ரயில்பாதை வேலையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைவிட மலாயாத் தமிழர்கள்தான் அதிகம் இறந்தார்களாமே. நம் ஆட்களுக்கு உடல் வலு போதாததுதானே காரணம்?

பதில்: இல்லவே இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் வெயிலும் மழையும் தின்ற உடம்புகள் அவை. அவர்களைக் குறைசொல்லும் முன் கணக்கைப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்டது இது. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதை. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளில் சுமார் 12,500 பேர் இறந்தார்கள், ஐந்தில் ஒருவர். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு.

உடல் வலுதான் காரணம் என்றால், 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட 'எஃப் ஃபோர்ஸ்' அணிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அதில் ஏழாயிரம் கைதிகள், பாதிக்குச் சற்று மேல் ஆஸ்திரேலியர், மற்றவர் பிரிட்டிஷார். எல்லாரும் சயாமில் உள்ள பான்பொங்கிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் இரவிரவாக நடந்தவர்கள். ஆஸ்திரேலியரில் பத்துக்கு மூவர் இறந்தார்கள், பிரிட்டிஷாரில் பத்துக்கு ஆறு பேர். பிரிட்டிஷ் அணியில் கிளம்பும்போதே நோயாளிகள் அதிகம். பல படைப்பிரிவுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த கூட்டம் அது. ஆஸ்திரேலியரில் பெரும்பாலோர் ஒரே பிரிகேடைச் சேர்ந்தவர்கள். அதிகாரி சொன்னால் மலக்குழி வெட்டினார்கள், காய்ச்சாத தண்ணீரைத் தொடவில்லை, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகே கஞ்சி வாங்கினார்கள்.

அந்த மே, ஜூன் மழையில் காலரா பரவியது. ஆழமில்லாத குழிகள் நிரம்பி வழிந்து மலம் ஆற்றில் கலந்தது. கீழே இருந்த முகாம் அதே தண்ணீரைக் குடித்தது. காலரா முற்றினால் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூட உடம்பிலிருந்து நீர் போய்விடும். வாயில் ஊற்றினால் வாந்தியாகும். உப்பு நீரை ரத்தக் குழாயில் ஏற்றுவதுதான் வழி. கைதிகளோடு இருந்த ராணுவ டாக்டர்கள் கிடைத்த குழாயையும் மூங்கிலையும் வைத்து வடிகலம் அமைத்தார்கள், ஆற்று நீரைக் காய்ச்சி வடித்தார்கள், உப்பைக் கரைத்தார்கள், சீவிய மூங்கில் முனையை ஊசியாக்கினார்கள். நீர் சுத்தமாக இல்லாவிட்டால் நோயாளிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அப்படியும் பலரைப் பிழைக்கவைத்தார்கள். தீட்டிய அரிசியை மட்டும் தின்றதால் வந்த பெரிபெரி நோய்க்குத் தவிடும் வாத்து முட்டையும் மருந்து. அதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரி நிதியில் சேர்த்து சயாம் வியாபாரிகளிடம் முட்டை வாங்கினார்கள்.

தமிழர் முகாமில் இவற்றில் எது இருந்தது? டாக்டர் இல்லை, குழி வெட்டச் சொல்ல ஆள் இல்லை, பொதுநிதி இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) என்று நம்பி மனைவி, பிள்ளைகளோடு வந்தவர்களும் உண்டு. வெவ்வேறு தோட்டத்து ஆட்களைக் கலந்து போட்டதால் ஒருவரை ஒருவர் தெரியாது. நோயில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். 1943 ஜூனில் ஜப்பானியர் சிங்கப்பூரின் சாங்கி கைதிமுகாமிலிருந்து சுமார் 230 டாக்டர்களையும் உதவியாளர்களையும் 'கே ஃபோர்ஸ்' என்று இந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள். காலரா ஏற்கெனவே பரவிவிட்டது. மருந்தோ மிகச் சொற்பம்.

சட்டமும் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது, ஆனால் அதை உறுதிசெய்யவில்லை. இருந்தும் தக்க மாற்றங்களோடு பின்பற்றுவோம் என்று 1942-இல் சொன்னது. அந்த வாக்கையும் மீறியது என்பது வேறு. ஆனால் மீறியதாகக் குற்றம் சாட்டவாவது கைதிகளுக்கு ஓர் ஏடு இருந்தது. கூலித் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், கைதிகள் ஒளித்துவைத்திருந்த பதிவுகளோடு ஒரு குழு பாதை நெடுகத் தேடிப்போய் 144 இடுகாடுகளில் கைதிகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்று வரிசை வரிசையாக நிற்பவை அந்தக் கைதிகளுடைய கற்கள்தான். தமிழர் முகாம்களில் யாரும் பெயர்ப் பட்டியல் வைக்கவில்லை. அதனால்தான் மேலே சொன்ன 90,000 இன்றும் மதிப்பீடாகவே இருக்கிறது.