ஆயத்தைக் கேட்டதும் நின்னவங்க: வாசகர் கேள்வி பதில்

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த மாசம் வந்த லெட்டர் எல்லாத்தையும் ஒரே இருப்புல வாசிச்சேன், வேற வேற ஊரு, வேற வேற வீடு, ஆனா சுத்தி சுத்தி எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, குர்ஆன்ல இருக்கிற ஆயத்து, அதாவது வசனம், தெரியுது, அது நம்ம நடப்புல எப்படி வரும்னு. அஞ்சு கேள்வியை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: காக்கா (அண்ணா), நான் தினமும் ஸுபுஹு (விடியக்காலைத் தொழுகை) தொழுதுட்டு யாசீன் சூரா (அத்தியாயம்) ஓதுவேன். ரமலான்ல ரெண்டு தடவை கத்தம் (முழு குர்ஆனும் ஓதி) முடிப்பேன். ஆனா முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) மூடி வச்ச கையோட அடுக்களைக்கு வந்தா மாமிகிட்ட எரிஞ்சு விழுறேன், பிள்ளையை அடிச்சிருறேன். நான் ஓதுறது எனக்குள்ள இறங்கவே இல்லியோன்னு பயமா இருக்கு.
– வாசகி, திருவிதாங்கோடு

பதில்: ஓதுறதை மட்டும் விட்டுராதீங்க தங்கச்சி, அதுக்கான கூலி அல்லாஹ்கிட்ட இருக்கு. ஆனா நாம சின்னதுல மதரஸால எப்படி படிச்சோம்னு நினைச்சு பாருங்க, அலிஃப் பே தே, பிறகு அம்ம ஜுஸ்வு, பிறகு முழு குர்ஆன், கத்தம் ஆன அன்னைக்கு வீட்டுல நெய்ச்சோறு. அர்த்தம் யாரும் சொல்லித் தரல. உஸ்தாதை குறை சொல்லல, ஒரு மணி நேரத்துல அத்தனை பிள்ளைகளுக்கும் சபக் (பாடம்) கேட்கணும், அவரு என்ன செய்வாரு. ஆனா அப்படியே வளந்ததுல நமக்கு ஆயத்துங்கிறது வாயிலயே முடிஞ்சு போச்சு.

நபித்தோழர் உமர் (ரலி) கலீஃபாவா (ஆட்சித் தலைவரா) இருந்தப்போ நடந்ததை சொல்லுதேன், நபிமொழித் தொகுப்பான புகாரியில வருது. உயைனா இப்னு ஹிஸ்ன்னு ஒரு கோத்திரத் தலைவர், கொஞ்சம் முரட்டு ஆளு. அவரோட சகோதரர் மகன் ஹுர்ரு இப்னு கைஸ்னு ஒருத்தர் உமரோட சபையில இருந்தாரு, அந்த சபையில குர்ஆன் தெரிஞ்சவங்களுக்குத்தான் இடம், வயசெல்லாம் பாக்க மாட்டாங்க. அவரை வச்சு அனுமதி வாங்கி உள்ள வந்த உயைனா நேரா உமர் முகத்தைப் பாத்து, நீ எங்களுக்கு வாரிக் குடுக்கவும் இல்ல, நீதியா தீர்ப்பு சொல்லவும் இல்லன்னுட்டாரு. உமருக்கு கோபம் தலைக்கேறி அடிக்கவே போயிட்டாங்க. அப்போ ஹுர்ரு மெதுவா ஒரு ஆயத்தை சொன்னாரு, சூரா அஃராஃப் 199ஆவது ஆயத்து, மன்னிக்கிறதை எடுத்துக்கோங்க, நல்லதை ஏவுங்க, அறிவில்லாதவங்களை விட்டு ஒதுங்கிடுங்க. இவரும் அப்படிப்பட்ட ஒருத்தர்தான் அமீருல் மூமினீன் (மூமின்களோட தலைவரே)ன்னாரு. அவ்வளவுதான். அந்த ஆயத்தைத் தாண்டி உமர் ஒரு எட்டு வைக்கலன்னு அதை அறிவிச்ச இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லுதாங்க. அல்லாஹ்வோட வேதத்துக்கு முன்னால அப்படியே நின்னுருவாங்கன்னு.

உமருக்கு அந்த ஆயத்து அன்னைக்குத்தான் புதுசா தெரியுமா? எப்பவோ தெரியும். ஆனா கை ஓங்கின அந்த நேரத்துல அது தனக்குத்தான்னு எடுத்துக்கிட்டாங்க பாருங்க, எனக்கு அந்த இடம்தான் மனசுல ஒட்டிக்கிச்சு, எத்தனை தடவை வாசிச்சாலும் அங்க வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துருவேன்.

நபியோட தோழர்களான ஸஹாபாக்கள் 10 ஆயத்து படிச்சா அதுல உள்ளதைப் புரிஞ்சு நடந்து பாத்த பிறகுதான் அடுத்த 10க்கு போவாங்கன்னு வருது. நமக்கு 10 வேண்டாம், ஒண்ணு போதும். நீங்க ஆலு இம்ரான் சூராவோட 134ஆவது ஆயத்தை எடுங்க. வசதியிலயும் கஷ்டத்துலயும் செலவு செய்வாங்க, கோபத்தை அடக்குவாங்க, மனுஷங்களை மன்னிப்பாங்க, நல்லது செய்றவங்களை அல்லாஹ் நேசிக்கிறான். இதுல கோபத்தை அடக்குறதுக்கு வர்ற அரபி வார்த்தை, தண்ணி நிறைஞ்சு தளும்புற தோல்பையோட வாயை இறுக்கிக் கட்டுறதுக்கு சொல்ற வார்த்தை. பை காலின்னு சொல்லல, உள்ள தண்ணி நிறைய இருக்கு, வாயைத்தான் கட்டச் சொல்றான். அதனால எனக்கு கோபமே வரக்கூடாதுன்னு உக்காந்து துஆ கேக்காதீங்க, அது நடக்காது. எந்த நேரத்துல வருதுன்னு கவனிங்க. பெரும்பாலும் ஸ்கூல் வேன் வர்ற அந்த அரை மணி நேரமா இருக்கும், குழாயில தண்ணி வராத நாளா இருக்கும். அந்த நேரத்துக்கு முன்னாடி இந்த ஒரு ஆயத்தை அர்த்தத்தோட ஒரு தடவை சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போங்க. நிக்கும்போது கோபம் வந்தா உக்காருங்கன்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்க, அடுப்பை சிம்ல வச்சிட்டு உக்காந்திருங்க, ஒண்ணும் ஆகாது. தவறிப்போய் பிள்ளையை அடிச்சுட்டீங்கன்னா அன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்ன அந்த பிள்ளைகிட்ட மன்னிப்பு கேளுங்க, பெத்த பிள்ளைகிட்ட என்ன மன்னிப்புன்னு நினைக்காதீங்க. ஒரு மாசம் கழிச்சு எனக்கு மறுபடி எழுதணும், நான் காத்துக்கிட்டிருப்பேன்.

கேள்வி: நான் ரப்பர் ஷீட் வாங்குற கடை வச்சிருக்கேன். ஷீட்ல ஈரம் இருக்கும்னு கிலோவுக்கு கொஞ்சம் கழிச்சுதான் எல்லா கடையிலயும் போடுறாங்க. நான் மட்டும் கழிக்காம இருந்தா நட்டம். இது ஹராமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: ஈரம் நிஜமாவே இருந்து, இவ்வளவு கழிப்பேன்னு முன்னாடியே சொல்லி, அவரும் சம்மதிச்சு தந்தா அது பேசி முடிச்ச வியாபாரம், அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா சூரா முதஃப்பிஃபீன் முதல் மூணு ஆயத்தை வாசிச்சு பாருங்க. அளவுல மோசடி செய்றவங்களுக்குக் கேடுதான், மக்கள்கிட்ட அளந்து வாங்கும்போது நிறைவா வாங்கிக்கிறாங்க, அவங்களுக்கு அளந்தோ நிறுத்தோ குடுக்கும்போது குறைக்கிறாங்க. ஒரே ஆளுகிட்ட ரெண்டு அளவு இருக்கே, அதைத்தான் அல்லாஹ் பிடிக்கிறான். இப்ப உங்க கடைக்கு வாங்க. வாங்கும்போது ஈரம் கழிக்கிறீங்க, அதே ஷீட்டை டவுன்ல பெரிய டீலருக்கு போடும்போது ஈரத்தை நீங்களா சொல்லுவீங்களா? எஸ்டேட்காரர் ஜீப்ல கொண்டு வந்தா ஒரு கழிவு, நாலு ஷீட்டை தலையில சுமந்துக்கிட்டு வர்ற பாட்டிக்கு இன்னொரு கழிவா? நாலாம் தரத்தை அஞ்சாம் தரம்னு சொன்னா அந்த பாட்டிக்கு என்ன தெரியும். இதுக்கெல்லாம் உங்க மனசு என்ன பதில் சொல்லுதோ அதுதான் உங்க கேள்விக்கும் பதில்.

நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தப்போ அந்த ஊர்க்காரங்க அளவுல ரொம்ப மோசமா இருந்தாங்க, இந்த சூரா இறங்கின பிறகு அளவை சரி பண்ணிக்கிட்டாங்கன்னு இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லியிருக்காங்க. சந்தையே மாறியிருக்கு, ஒரு கடை மாற முடியாதா.

எங்க வாப்பாவுக்கு (அப்பாவுக்கு) தக்கலையில பலசரக்குக் கடை. அப்ப கைத்தராசு. தினமும் கடை திறந்ததும் முதல் வேலை, சாமான் வைக்கிற தட்டைத் திருப்பிப் போட்டு அடியில ஒட்டின புளியையும் கருப்பட்டியையும் சிரட்டைத் துண்டால சுரண்டி எடுப்பாங்க. அடியில ஒட்டினது எல்லாம் வாங்குறவனுக்கு குறையுது மக்கான்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு இந்த சூராவோட தமிழ் அர்த்தம் தெரிஞ்சிருந்துச்சான்னு நான் கேட்டதே இல்ல. கேட்டிருக்கணும்.

கேள்வி: குடும்ப குரூப்புல ஒரு பொண்ணைப் பத்தி வாய்ஸ் நோட் சுத்துது. நான் யாருக்கும் அனுப்பல, கேட்டேன், அவ்வளவுதான். எனக்கும் குற்றம் உண்டா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: ஹுஜுராத் சூராவோட 6ஆவது ஆயத்துல செய்தி வந்தா விசாரிங்கன்னு இருக்கு. ஆனா இது விசாரிக்க வேண்டிய செய்தியே இல்ல, இதுக்கு 12ஆவது ஆயத்து, துருவித் துருவி ஆராயாதீங்க, புறம் பேசாதீங்க, செத்துப்போன சகோதரனோட மாமிசத்தைத் தின்ன யாருக்காவது பிடிக்குமா. நூர் சூரா 15ல, நீங்க இதை லேசா நினைச்சீங்க, அல்லாஹ்கிட்ட இது பெரிய விஷயம்னு வருது. கேட்டதுக்கு தவ்பா செய்யுங்க (அல்லாஹ்கிட்ட பாவமன்னிப்பு கேளுங்க), போன்ல இருந்து அழிச்சிருங்க, குரூப்புல போட்ட ஆளை தனியா கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க. அந்த பொண்ணுக்கும் ஒரு உம்மா இருக்காங்க.

கேள்வி: நான் கிறிஸ்தவன். உங்க நபியையே திருத்துற வசனம் குர்ஆன்ல இருக்குன்னு எங்க கூட வேலை பாக்குற பாய் சொன்னாரு. நிஜமா? அப்படி இருந்தா அதை எதுக்கு மறைக்காம ஓதுறீங்க?
– வாசகர், கருங்கல்

பதில்: நிஜம்தான் அண்ணே, இதைக் கேட்டதுக்கு சந்தோஷம். 80ஆவது சூரா, பேரே அபஸ, முகம் சுளிச்சாருன்னு அர்த்தம். மக்காவுல குறைஷித் தலைவர்கள்கிட்ட நபி (ஸல்) மார்க்கத்தை எடுத்துச் சொல்லிக்கிட்டு இருக்காங்க, இவங்க வந்தா ஊரே வரும்னு ஒரு ஆசை. அந்த நேரம் பாத்து அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம்னு கண் தெரியாத ஒருத்தர் வந்து, எனக்கு சொல்லித் தாங்கன்னு இடையில கேக்கிறாரு. நபி (ஸல்) முகம் சுளிச்சு திரும்பிட்டாங்க. உடனே வசனம் இறங்குது, தேவையில்லைன்னு இருக்கிறவன் பின்னால போறீங்க, பயத்தோட ஓடி வந்தவரை விட்டுட்டீங்களேன்னு.

யோசிச்சு பாருங்க, வந்தவருக்கு கண்ணு தெரியாது. அந்த முகச்சுளிப்பை அவரு பாக்கவே இல்ல. அவருக்கு வலிக்கக்கூட இல்லாத ஒண்ணுக்காக வானத்துல இருந்து கேள்வி வருது.

மறைக்கலியேன்னு கேட்டீங்க. தனக்கு வந்த கண்டிப்பை தன் வாயாலேயே ஊருக்கு ஓதிக் காட்டினாங்களே, எங்களுக்கு அவங்க மேல நம்பிக்கை கூடுறதே இதனாலதான். அதோட முடியல. பிறகு மதீனாவுல பிலால் (ரலி)க்கு அடுத்து பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்ற பொறுப்பு இந்த கண் தெரியாதவருக்குத்தான். ரமலான்ல பிலால் ராத்திரியிலேயே சொல்லிருவாரு, இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்ற வரைக்கும் சாப்பிடுங்கன்னு நபி (ஸல்) சொன்னாங்க. வெளியூர் பயணம் போகும்போது மதீனாவை அவர் பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்காங்க.

எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், நீங்க கேட்ட சாக்குல சொல்லிடுறேன். கல்ஃப்ல இருந்து வந்தவரு ஜமாஅத் ஆபீஸுக்குள்ள நுழைஞ்சா நாலு பேரு எந்திரிச்சு சேர் போடுறோம், மீன் விக்கிறவரு மகளோட நிக்காஹ் விஷயமா வந்தா வாசல்லயே நிக்க வச்சு பேசுறோம். அந்த ஆபீஸுக்கு அடுத்த சுவர்லதான் பள்ளி, அங்கதான் அந்த சூராவோட முதல் வரியை, அபஸவ தவல்லான்னு அழகா ஓதுறோம். எனக்கு இதைப் பாக்கும்போது நெஞ்சு வேகுது.

கேள்வி: வாப்பா மவுத்தாகி (இறந்து) ஒரு வருஷம் ஆகுது. 40 சென்ட் தென்னந்தோப்பு இருக்கு. உம்மா, காக்கா, நான், ஒரு தங்கச்சி. தங்கச்சிக்கு கல்யாணத்துல 50 பவுன் போட்டாச்சு, இனி பங்கு எதுக்குன்னு காக்கா சொல்லுறாரு. காக்காவை எதிர்த்துப் பேச எனக்கு முடியல. மார்க்கப்படி என்ன?
– வாசகர், குளச்சல்

பதில்: நிஸா சூரா 7ல, பெத்தவங்களும் சொந்தக்காரங்களும் விட்டுட்டுப் போனதுல ஆம்பிளைக்கும் பங்கு உண்டு, பொம்பளைக்கும் பங்கு உண்டு, அது கொஞ்சமா இருந்தாலும் சரி கூடுதலா இருந்தாலும் சரின்னு அல்லாஹ் சொல்றான். வாப்பாவோட கடன், வஸிய்யத் (உயில்) எல்லாம் போக மிச்சம்தான் பங்கு. வாப்பாவைப் பெத்தவங்க உயிரோட இல்லைன்னா கணக்கு இப்படி வரும், உம்மாவுக்கு எட்டுல ஒண்ணு, 5 சென்ட். மிச்சம் 35ல உங்க ரெண்டு பேருக்கும் 14, 14, தங்கச்சிக்கு 7. கல்யாணத்துல போட்ட நகை வாப்பா உயிரோட இருக்கும்போது குடுத்தது, அது இந்தக் கணக்குல வராது. அந்த நகையை யாரு கேட்டு வாங்கினா, கைக்கூலின்னு (வரதட்சணை) பேரு வச்சு வாங்கினது யாரு, மஹரை (பொண்ணுக்கு மாப்பிள்ளை தர்ற மணக்கொடையை) மனசார குடுங்கன்னு மாப்பிள்ளைகிட்டதானே நிஸா 4ல சொல்லியிருக்கு, அது தனியா பேச வேண்டிய வேதனை.

இந்த பங்கு ஆயத்து எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. உஹது போர்ல ஷஹீதான (உயிர்த்தியாகம் செஞ்ச) ஸஃது இப்னு ரபீஉ (ரலி)யோட மனைவி ரெண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நபி (ஸல்)கிட்ட வந்தாங்க. சொத்து முழுசையும் பிள்ளைகளோட சாச்சா (வாப்பாவோட சகோதரர்) எடுத்துக்கிட்டாரு, சொத்து இல்லாம இதுங்களை யாரு கட்டுவான்னு கேட்டாங்க. ஆயத்து இறங்குச்சு. நபி (ஸல்) அந்த சாச்சாவைக் கூப்பிட்டு, பெண் பிள்ளைங்களுக்கு மூணுல ரெண்டு, அவங்க உம்மாவுக்கு எட்டுல ஒண்ணு, மிச்சம் உனக்குன்னு சொல்லிட்டாங்க.

இதை உங்களுக்கு சொல்ற தகுதி எனக்கு எப்படி வந்துச்சுன்னும் சொல்லிருதேன். தட்டுக்கு அடியில ஒட்டின புளியைச் சுரண்டின மனுஷனோட பிள்ளைங்கதான் நாங்க, ஆனா அவங்க மவுத்தான ஆறாவது மாசம் தங்கச்சிகிட்ட விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கினோம். அவ வாசிக்கல, காக்காமாரு நீட்டினாங்கன்னு போட்டுட்டா. அப்பவும் நான் பயான் (மார்க்க உரை) பேசிக்கிட்டுதான் இருந்தேன். 9 வருஷம் கழிச்சு ஒரு தராவீஹ்ல (ரமலான் ராத்திரித் தொழுகையில) இமாம் நிஸா ஓதுறாரு, கொஞ்சமோ கூடுதலோங்கிற அந்த வார்த்தை வந்ததும் எனக்கு மேல நிக்க முடியல. நானும் என் காக்கா எதிர்ப்பாருன்னுதான் பயந்தேன், பேசினப்போ அவரு, எனக்கும் இது உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சுடான்னாரு. திரும்ப எழுதிக் குடுத்தோம், 9 வருஷ தேங்கா காசையும் கணக்கு போட்டுக் குடுத்தோம். சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல வச்சு அவ சொன்னா, மகளோட நர்சிங் ஃபீஸுக்கு போன வருஷம்தான் காக்கா என் வளையலை அடகு வச்சேன்னு. எங்களை குறை சொல்ல சொல்லல, சும்மா சொன்னா. எனக்கு இன்னும் அது காதுல இருக்கு.

தம்பி, நிஸா 135ல நீதியில உறுதியா நில்லுங்க, அது உங்களுக்கே எதிரா இருந்தாலும், பெத்தவங்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும் எதிரா இருந்தாலும்னு வருது. காக்காகிட்ட சத்தம் போட வேண்டாம். உம்மாவை பக்கத்துல வச்சுக்கிட்டு, உங்க ஊரு ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருத்தர்கிட்ட கணக்கை எழுதி வாங்கி, என் 14 சென்ட் போக மீதியில எனக்கு ஒரு ஓலை கூட வேண்டாம்னு உங்க பக்கத்தை முதல்ல சொல்லுங்க. அவரு இழுத்தடிச்சா ஜமாஅத்ல வச்சு பேசலாம், ஆனா அது பிறகு. லெட்டர்ல உங்க தங்கச்சிக்கு இப்படி ஒரு பங்கு இருக்குன்னு தெரியுமா தெரியாதான்னு நீங்க எழுதவே இல்ல. இன்னைக்கு மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) பிறகு அவங்களுக்கு ஒரு போன் போட்டு, உனக்கு 7 சென்ட் இருக்கும்மான்னு சொல்லிருங்க.