மாமியார் அறையில் ஏசி ஓடட்டும்

கேள்வி: பெரம்பூரில் நான்காவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருக்கிறோம். போன கோடையில் இரண்டு மாதத்துக்கு 780 யூனிட் வந்தது. அந்த பில்லைப் பார்த்ததிலிருந்து 74 வயது மாமியார் இரவில் ஏசி போட விடுவதில்லை. “அம்மா சொல்றது சரிதானே” என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைந்துவிடும், வியர்ப்பதும் குறையும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், கோடை தொடங்கும் முன்பே டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பகல் முழுக்க வெயிலைத் தாங்கிய உடம்பு இரவில்தான் ஆற வேண்டும். உங்கள் வீட்டிலோ கான்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை இரவு வெகுநேரம்வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் சிக்கனத்தை அவர் அறையில் தொடங்க வேண்டாம். வேறு இடங்களில் தொடங்கலாம்.

முதலில் மின்விசிறிகள். பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார்) விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினால் 120. வீடு காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. நம் கட்டண முறையில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால், நீங்கள் குறைக்கிற 120 யூனிட்டும் பில்லிலேயே விலை கூடிய யூனிட்டுகள். இதை உங்கள் கணவரிடம் பேப்பரில் போட்டே காட்டுங்கள்.

500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரவு முழுக்க ஏசி ஓடுகிற வீட்டில், மே மாதத்தில் 500க்குள் நிற்பது கஷ்டம்தான். அதற்காக மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பாருங்கள். போன கணக்கெடுப்புக்குப் பிறகு ஓடிய யூனிட்டைக் கணக்குப் போட்டு, 500க்குள் நிற்க வாய்ப்பு இருந்தால் துணி துவைக்கும் மிஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் அந்த நாட்களில் குறைத்துக்கொள்ளலாம்.

ஏசியை 26ல் வைத்து, விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும். ஃபில்டரை மாதம் இரண்டு தடவை கழுவுங்கள். ஆளில்லாத அறையில் விசிறி வேண்டாம். அது ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஏர் கூலர் வாங்கச் சொல்வார்கள். வேலூர், மதுரை மாதிரி வறண்ட வெயிலுக்குச் சரி, சென்னைப் புழுக்கத்தில் அது ஈரத்தைத்தான் கூட்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை மொட்டைமாடியில் இருக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் தளம் குடிக்கும் சூடு நன்றாகவே குறையும். மாடி பொது இடம், நீங்களாக அடிக்க முடியாது. வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, அசோசியேஷனுக்குக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் “எங்களுக்கு என்ன லாபம்” என்று கேட்பார்கள். மேல்தளத்து வீடுகள் மட்டும் செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும். விரிசல்களை முதலில் அடைத்துவிட்டு, பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால், சூடு கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறோம்.

மாமியாரிடம் “காசைப் பற்றிக் கவலைப்படாதீங்க அத்தை” என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார். இத்தனை வருஷம் வீட்டுக் கணக்குப் பார்த்தவர். விசிறி மாற்றியதில் எவ்வளவு குறைந்தது என்று அவரிடமே பில்லைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில், 12 மணியிலிருந்து 3 மணிவரை, கீழ்த்தளத்தில் பழக்கமான வீடு இருந்தால் அங்கே போய் உட்காரட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். மோரோ தண்ணீரோ, அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கொடுங்கள்.

ஒருவேளை பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, உடனே 108க்கு போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை ஈரத் துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஒற்றி, விசிறியைப் போட்டு வையுங்கள். நினைவு சரியாக இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.