ஆடும் அடுத்த வீடும்: வாசகர்களின் சட்டக் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டைப் பற்றியவை. ஆடு வைத்திருப்பவர்கள் சிலர், ஆட்டுக்காரருக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் சிலர். இரண்டு கடிதங்கள் ஒரே சுவரின் இரு பக்கத்திலிருந்தும் வந்தவையோ என்று எனக்குச் சந்தேகம்கூட உண்டு. ஆள் பெயரை விட்டு ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்; ஒவ்வொரு கடிதத்தின் கீழேயும் என் பதில்.

கிருஷ்ணகிரி நகரின் ஓரத்தில் மூன்று சென்ட் வீடு. பின்புறம் ஏழு வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு அக்கா நாற்றம் என்று மனுக் கொடுத்துவிட்டார். ஏழு நாளில் அகற்றும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. நகருக்குள் ஆடு வளர்ப்பதே குற்றமா ஐயா?

வளர்ப்பதே குற்றம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. வீட்டில் ஆடு வளர்க்கவே கூடாது என்று மாநிலம் முழுவதற்குமான சட்டம் எதுவும் கிடையாது. 2011இல் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகளை விலையில்லாமல் கொடுத்ததே இந்த மாநில அரசுதான்.

ஆனால் 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு விலங்கு தொல்லை தரும் இடத்திலோ தொல்லை தரும் முறையிலோ வைக்கப்பட்டிருந்தால், அந்தத் தொல்லையை நீக்கச் சொல்ல அதிகாரிகளுக்கு அது அதிகாரம் தருகிறது. ஆகவே உங்கள் வழக்கு ஆட்டைப் பற்றியதே அல்ல. ஆட்டு மூத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பற்றியது.

முதலில் நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் பதிலின் முதல் வரியே அந்தக் கேள்வியாக இருக்கட்டும். ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிடுங்கள். நோட்டீஸைப் பரண் மேல் போட்டுவிட்டுக் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கெடு முடிந்த பிறகு அவர்கள் கையில் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது.

பதில் கொடுக்கும் முன் கொட்டகையைச் சரிசெய்யுங்கள். தரையின் சரிவு உங்கள் பக்கமாகத் திரும்பட்டும், கழிவுநீர் இறங்க ஓர் உறிஞ்சு குழி வெட்டுங்கள், புழுக்கையை அன்றன்றே அள்ளி மூடிய குழியில் போடுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்துப் பதிலோடு இணையுங்கள். நேரில் பார்வையிட்டு, என் தரப்பைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அவர்கள் வந்து பார்த்துக் குறித்த குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பதிலைக் கண்டுகொள்ளாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அது சென்னையில்தான், மதுரைக் கிளையில் இல்லை.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. மூன்று சென்ட்டில் வீடும் கட்டி ஏழு ஆடும் வைத்தால் மழைக்காலத்தில் அந்த அக்கா சொல்வதில் நியாயம் இருக்கும். இரண்டு கிடாக்களைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிவிட்டால் உங்கள் பதிலுக்கும் வலு கூடும்.

போச்சம்பள்ளி பக்கம் ஒன்றரை ஏக்கரில் மாங்கன்று வைத்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் நாற்பது கன்றுகளின் குருத்தைக் கடித்துவிட்டன. இரண்டு ஆடுகளைப் பிடித்து வீட்டில் கட்டினேன். மூன்று நாள் கழித்து, நான் ஆடு திருடியதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

பிடித்தது சரி, மூன்று நாள் கட்டி வைத்ததுதான் தவறு. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. யானை, ஒட்டகம் தொடங்கி ஆட்டுக்குட்டி வரை அதில் கால்நடைதான். நிலத்தில் நுழைந்து பயிரை அழிக்கும் கால்நடையைப் பயிரிடுபவர் பிடிக்கலாம். பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் ஊருக்கான பவுண்டில், அதாவது அத்துமீறிய கால்நடைகளை அடைத்து வைக்கும் பட்டியில், சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் உடையவர் பலவந்தமாக மீட்டுக்கொண்டு போனால் அது அவர் மேல் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பல ஊர்களில் பவுண்டு இருந்த இடத்தில் இன்று குட்டிச்சுவர்தான் நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் பிடித்த அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் திருட்டு என்ற பேச்சே எழுந்திருக்காது. இப்போதும் கெட்டுப்போகவில்லை. காவலர் முன்னிலையில் ஆடுகளை ஒப்படைத்து, உயிரோடும் நலமாகவும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். ஊரறியப் பயிர்ச் சேதத்துக்காகக் கட்டி வைத்ததை அப்படிச் சொல்வது கடினம். கடிபட்ட கன்றுகளைத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டிச் சேதத்தைக் குறித்து வாங்கினால், இழப்பீட்டுக்கு உரிமையியல் வழக்கும் போடலாம்.

கடிதத்தின் கடைசியில் ‘இனி வந்தால் மருந்து வைத்துவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வேறு எங்கும் எழுதாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். விலங்கைக் கொல்வதோ நஞ்சு வைப்பதோ, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உங்கள் நாற்பது கன்றின் கதையை அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

பாலக்கோடு வட்டத்தில் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டியே பங்காளி ஆட்டுப்பட்டி போட்டிருக்கிறார். என் மகளுக்கு இழுப்பு. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ஆறு மாதமாகிறது, ஒன்றும் நடக்கவில்லை.

தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள். கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்குத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் உண்டு; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. ஆனால் அது பொதுமக்களுக்கான தொல்லைக்கு. தெருவே பாதிக்கப்பட்டால் தெருவே கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது இதைச் செய், இதைச் செய்யாதே என்ற உத்தரவு, கேட்பதுதான் வழி. மருத்துவச் சீட்டு, சுவரையும் பட்டியையும் சேர்த்து எடுத்த படம், என்றைக்கு என்ன நடந்தது என்ற குறிப்பேடு ஆகியவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.

ஆடுகளையே விற்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பட்டியை இருபதடி தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கக்கூடியது அதுதான். வழக்குக்கு முன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுத்துப் பாருங்கள். பெண்ணுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகி ஆணை வந்தால் அதன் மேல் அப்பீல் இல்லை. பங்காளிச் சண்டைக்கு அதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை.

அரூர் அருகே முப்பது வருடமாகப் புறம்போக்கில் பட்டி வைத்திருக்கிறோம். பி மெமோ பணம் கட்டிய ரசீதெல்லாம் இருக்கிறது. இப்போது காலி செய்யச் சொல்கிறார்கள்.

பி மெமோ என்பது ஆக்கிரமித்ததற்கான தண்டம், பட்டா அல்ல. ரசீது எத்தனை இருந்தாலும், ஆக்கிரமிப்பை நீங்களே ஒப்புக்கொண்டதற்குத்தான் அவை சாட்சி. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி 7ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, பிறகுதான் 6ஆம் பிரிவில் வெளியேற்ற முடியும். அந்த வரிசை தவறினால் மட்டுமே உங்களுக்குப் பிடி கிடைக்கும். அது ஊர் மேய்ச்சலுக்கென்று விட்ட மேய்க்கால் புறம்போக்காக இருந்தால் இன்னும் சிரமம். பொது நிலங்களை மீட்கும்படி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது.

அஞ்செட்டி மலைக்கிராமம். தாத்தா காலம் முதல் காட்டில்தான் ஆடு மேய்க்கிறோம். வனத்துறையினர் அபராதம் கேட்கிறார்கள்.

காடு எந்த வகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பகுதிக் காப்புக்காடுகளில் பெரும்பகுதி 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு என்று வன உயிரினச் சரணாலயங்களாகிவிட்டன. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. எனவே மேய்க்கும் இடம் சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுபக்கம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. சரணாலயத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் கிராம சபையில் மனுப் போட்டு அங்கீகாரம் பெறாதவரை வனவர் முன்னால் அதைச் சொல்லிப் பயனில்லை. பழங்குடியினரானால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்வதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அதற்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்ட வேண்டும். ரசீதில்லாமல் மட்டும் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

ஊர்த் திருவிழாவில் கிடா வெட்டுவது சட்டவிரோதம் என்று எதிர்வீட்டார் மிரட்டுகிறார்.

அவர் மனதில் வைத்திருப்பது, கோயிலில் விலங்கு, பறவை பலியிடுவதைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டமாகத்தான் இருக்கும்; அது 2004இல் ரத்தாகிவிட்டது. வெட்டுங்கள்; கழிவை மட்டும் அவர் வாசல் சாக்கடையில் கொட்டாதீர்கள்.