'பஹேலி' பேய் பற்றிக் கேளுங்கள்

ஐயா, 'பஹேலி' (2005) இந்திப் படத்தின் கதை நாட்டுப்புறக் கதையா, எழுத்தாளரின் கற்பனையா?

இரண்டும்தான். ஜோத்பூர் பக்கம் போருந்தா கிராமத்தில் வாழ்ந்த விஜய்தான் தேத்தா, மக்கள் வாயில் புழங்கிய கதைகளை ராஜஸ்தானி மொழியில் தன் நடையில் எழுதியவர். 'பாத்தாங் ரீ புல்வாரி' என்ற பெயரில் அவை 14 தொகுதிகளாக வந்தன. படத்துக்கு மூலம் அவருடைய 'துவிதா'. கலியாணக் களை மாறுமுன்பே கணவன் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுகிறான். கலியாணம் முடிந்து வந்த வழியில் மணப்பெண்ணைக் கண்டு மயங்கியிருந்த பேய், அவன் உருவில் வீட்டுக்கு வருகிறது. ஊரையே ஏமாற்றும் அந்தப் பேய், அவளிடம் மட்டும் தான் யாரென்று சொல்லிவிடுகிறது. கதையின் உயிர் இந்த இடம்தான்.

கிரீஷ் கர்னாடின் கன்னட நாடகம் 'நாகமண்டலா'வும் இதே கதைதானே?

பங்காளிக் கதை. அங்கே நாகம் கணவனாக வருகிறது. ஆனால் நாயகி ராணிக்கு, வந்தவன் யாரென்று தெரியாது. இங்கே 'பஹேலி'யின் நாயகி லச்சி தெரிந்தே ஏற்றுக்கொள்கிறாள். கிளி சொல்லும் கதைகளான வடமொழி 'சுகசப்ததி'யிலும் ஒரு போலிக் கணவன் உண்டு. அங்கே அவனைக் கண்டுபிடிப்பதுதான் சுவாரசியம், மனைவியரின் மனம் யாருக்கும் பொருட்டல்ல.

முடிவை மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே?

படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். உண்மையான கணவன் திரும்பி வந்ததும் வழக்கு ஓர் இடையனிடம் போகிறது. உண்மையான கணவன் தோல்பைக்குள் நுழையட்டும் என்கிறான் அவன். மனிதனால் முடியாது, பேயால் முடியும். அவள் மேலுள்ள ஆசையில் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. தேத்தாவின் கதையில் அதோடு சரி: கைக்குழந்தையோடு அவள் பழைய கணவனிடமே. உனக்கு யார் வேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. படத்தில் இயக்குநர் அமோல் பாலேகர் பேயைக் கணவனின் உடலுக்குள் புகுத்திச் சேர்த்துவைத்துவிட்டார். ஷாருக் கானும் ராணி முகர்ஜியும் பிரிந்தால் கொட்டகையில் யார் பொறுப்பார்கள்! எனக்கும் பார்க்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வியின் முள் உதிர்ந்துவிட்டது.

முள்ளோடு பார்க்க வழி உண்டா?

இதே கதையை வைத்து இயக்குநர் மணி கௌல் 1973-இல் எடுத்த 'துவிதா' படம். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றது. பேச்சு குறைவு, அசையாத காட்சிகள் அதிகம், பொறுமை வேண்டும்.

'பஹேலி'யில் நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது?

ஒளிப்பதிவு ரவி கே. சந்திரன். இசையமைத்த எம்.எம். கிரீம் வேறு யாருமல்ல, நம் மரகதமணி. கதை சொல்லும் பொம்மைகளுக்குக் குரல் நசீருதீன் ஷாவும் ரத்னா பாட்டக் ஷாவும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா அண்ணா? பேய்ப்படம் என்று தயங்குகிறேன்.

பயமுறுத்தும் பேய் இல்லை, தாராளமாகப் பாருங்கள். பிறக்கும் குழந்தைக்கு அப்பா யார் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.