காலையில் இலவசம், பின்னேரம் சனலிங்

கேள்வி: அரசாங்கப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் அம்மாவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காத டொக்டர், பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி அவரையே சனல் பண்ணிப் போனால் சிரித்துக் கதைத்து, மூன்று ரெஸ்டும் (பரிசோதனையும்) எழுதித் தருகிறார். தனியார் ஆஸ்பத்திரிகள் இன்னும் நாலு வந்தால் போட்டியில் எல்லாம் திருந்திவிடும் என்கிறான் என் மகன். திருந்துமா?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் கணக்கை மகன் இங்கே போடுகிறார். கத்தரிக்காய் சூத்தை என்றால் பார்த்தவுடன் தெரியும், அடுத்த கடைக்குப் போகலாம். அம்மாவுக்கு அந்த மூன்று ரெஸ்டும் தேவையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேவை என்று சொல்பவரும் அதைச் செய்து காசு வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வைத்தியத்தில் வழமையான சந்தைக் கணக்கு ஓடாது என்று பொருளியலாளர் கென்னத் அரோ 1963இலேயே விளக்கமாக எழுதிவிட்டார்.

டொக்டர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் எத்தனை பேரைப் பார்த்தாலும் சம்பளம் ஒன்றுதான், வரிசையோ வாசல் தாண்டி நிற்கும். பின்னேரம் தலைக்கு இவ்வளவு. மனிதரும் படிப்பும் அதேதான், காசு வரும் வழிதான் வேறு. மனம் சாயப் பெரிய லஞ்சமும் வேண்டாம். அமெரிக்காவில் 2016இல் வந்த ஓர் ஆய்வில், மருந்துக் கம்பனியிடம் 20 டொலருக்கும் குறைவான ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்ட டொக்டர்களும் அந்தக் கம்பனி மருந்தை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் கம்பனிக்காரர் சும்மா சோறு போடுவார்களா?

சரி, போட்டி. ஒரே ரோட்டில் இரண்டு டிஸ்பென்சரி. பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல். "வைரஸ்தான், பெனடோல் குடுங்கோ, தண்ணி நிறையக் குடுங்கோ, மூண்டு நாளில மாறும்" என்கிறார் முதலாமவர். மற்றவர் பெயர் எழுதாத சின்னக் கடதாசி உறைகளில் நாலு விதக் குளிசை போட்டுத் தருகிறார். அதில் ஒன்று அன்டிபயோட்டிக். வைரஸை அது ஒன்றும் செய்யாது. காய்ச்சல் மூன்றாம் நாள் தன்பாட்டில் மாறும், கைராசிக்காரர் என்ற பெயர் மட்டும் இரண்டாமவருக்குப் போகும். அடுத்த மாதம் முதலாமவரின் வாங்கில் ஆளில்லை. அவரும் எத்தனை நாளைக்குத்தான் உண்மை பேசிக்கொண்டு இருப்பார்? "ஒரு ஊசிகூடப் போடேல்லை, இதுக்கோ காசு?" என்று கேட்ட நாங்கள்தானே அவருக்குப் பாடம் எடுத்தோம். போட்டி கூடினால் கூடப்போவது அந்த உறைகள்தான். இன்னும் நாலு ஆஸ்பத்திரி கேட்பதைவிட, காலைக் கிளினிக்குக்கு இன்னும் நாலு டொக்டர் கேட்கலாம்.

அதுவரைக்கும், அடுத்த முறை சனல் பண்ணிப் போகும்போது வாய் திறந்து கேளுங்கள்: இந்த ரெஸ்டின் முடிவைப் பார்த்து மருந்தை மாற்றுவீர்களா? செய்யாமல் விட்டால் என்ன? இதில் எதைப் பெரியாஸ்பத்திரியிலேயே செய்யலாம்? அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பதில் சொல்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தானே காசு கட்டியிருக்கிறீர்கள்.