தினமும் இவ்வளவு கிருமிகளை மூச்சில் இழுத்தும் நுரையீரலில் ஏன் அடிக்கடி தொற்று வருவதில்லை?

சளியும் இருமலும் கிருமிகளை வெளியே தள்ளிவிடுகின்றன என்பது பாதி பதில்தான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களே கிருமிக்கொல்லிகளைத் தயாரித்து, தங்கள் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய ஈரப்படலத்தில் கலந்துவிடுகின்றன. லைசோசைம் அதில் ஒன்று, அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச் சளியில் கண்டுபிடித்து 1922இலேயே அறிவித்தது. அப்புறம் பீட்டா டிஃபென்சின்கள், எல்எல்-37 போன்ற பெப்டைடுகள், அதாவது சின்னப் புரதத் துண்டுகள். எல்எல்-37இல் இருப்பது வெறும் 37 அமினோ அமிலங்கள்!

இவற்றுக்கு நேர்மின்னூட்டம். பாக்டீரியாவின் சவ்வு வெளிப்பக்கம் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அதில் போய் ஒட்டி, உள்ளே நுழைந்து, சவ்வையே குலைத்துவிடுகின்றன. நம் செல்களின் வெளிப்பக்கம் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாதது, கொலஸ்டிராலும் உண்டு, அதனால் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. பீட்டா டிஃபென்சின்-1 எப்போதும் சுரக்கும், பீட்டா டிஃபென்சின்-2 கிருமி வந்தால்தான் அதிகரிக்கும்.

சரி, பெப்டைடு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோயில், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் சரியாகச் சுரக்காது. இந்தக் குறையோடு பிறந்த பன்றிக்குட்டிகளை 2012இல் ஆராய்ந்தபோது, அந்த ஈரப்படலம் அமிலமாகி அதன் கிருமி கொல்லும் திறன் குறைந்திருந்தது தெரிந்தது. அமிலத்தன்மையைக் குறைத்ததும் திறன் மீண்டது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது: ஆயுதம் இருந்தும் சூழல் கெட்டதால் அது வேலை செய்யவில்லை.